இன்னொரு வாட்டி எங்களைக் கெளப்பாதீங்க

போன மாதம் உங்களைப் பார்க்க நந்தனம் அலுவலகத்துக்கு வந்திருந்தபோது, உங்களில் ஒருவர் கேட்டார்: "மேடம், காலைல உட்கார்ந்ததுலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் யாரோ ஒருத்தர் திட்டுறதையே படிச்சுக்கிட்டிருக்கோம். உங்களுக்கு வெறுத்தே போகலையா?" அதற்குள் காபி வந்துவிட்டது, பேச்சும் வேறு பக்கம் போய்விட்டது. இப்போது ஓய்வு பெற்று உட்கார்ந்திருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டில் எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. எழுதியே சொல்லிவிடுகிறேன்.

வெறுக்கவில்லை. பல வருடம் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருந்துவிட்டுத்தான் நான் இந்த விளையாட்டுக் கம்பெனியில், ஆடுபவர்கள் எழுதுவதைப் படிக்கும் கருத்துப் பிரிவுக்கு வந்தேன். அங்கே கூப்பிட்டவர்கள், எங்கள் சகவாசம் முடிந்தால் போதும் என்று கூப்பிட்டார்கள். இங்கே எழுதியவர்கள் விட்டுப் போக மனசில்லாமல் திட்டினார்கள். முதல் வாரத்திலேயே அந்த வித்தியாசம் எனக்குத் தெரிந்துவிட்டது.

நம் ஆதிக்கரை விளையாட்டை நீங்கள் அறிவீர்கள். நான் அறியாமல்தான் சேர்ந்தேன். சேர்ந்த அன்று போனில் திறந்து பார்த்தேன். ஒரு கடற்கரையில் கண் விழித்தேன். இடுப்பில் ஒரு துணி, கையில் ஒன்றுமில்லை. கல் பொறுக்கி, மரம் வெட்டி, நெருப்பு மூட்டி, குடிசை போட்டு, டைனோசரிடமிருந்து தப்பித்து, அப்புறம் அதே டைனோசரைப் பழக்கி அதன் மேல் ஏறி ஓட்ட வேண்டும் என்றார்கள். நான் கல் பொறுக்கக் குனிந்தபோதே கோழி அளவு டைனோசர்கள் கூட்டமாக வந்து என்னைத் தின்றுவிட்டன. அதே உலகத்தில் ஊர்ப்பட்ட ஜனங்கள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். சிலர் கூட்டாளிகள், சிலர் நம் கூரையைப் பிரிக்க வருபவர்கள். நாம் போனை வைத்துவிட்டுச் சாப்பிடப் போனாலும் அந்த உலகம் நிற்காது. அதனால்தான் அவர்களுக்கு அவ்வளவு கோபம், அவ்வளவு ஆசை.

"ஒரு வாரமா ஊட்டி வளத்த என் நீளக்கழுத்தனை உங்க சர்வர் கொன்னுடுச்சு. இவ்வளவு மட்டமான கேம் உலகத்துலயே கிடையாது. நாளைக்கு வந்து புதுக் குட்டி பிடிக்கிறேன்" என்று ஒருவர். "யாரும் இதை டவுன்லோட் பண்ணாதீங்க. இதனால என் பொண்டாட்டி என்கூடப் பேசுறதில்ல. இப்ப அவளும் ஆடுறா, அங்கயும் பேசுறதில்ல" என்று இன்னொருவர். "விடியக்காலைல அந்தப் பெரிய மந்தை ஆத்தைத் தாண்டிப் போகும் பாருங்க. எங்க அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கிட்டுப் பார்த்தார்" என்று ஒரு பெண். இதையெல்லாம் படிக்கச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்றுதான் நினைத்துக்கொள்வேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

புதிய பதிப்பு வெளிவர இருந்த சமயம். விளையாட்டுக்குள் தனித்தனியாகப் பல உலகங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அந்தப் பழைய உலகங்களைப் புதிய பதிப்பில் ஓட்ட முடியாது, ஒவ்வொன்றாக மூடிவிட வேண்டும் என்று முடிவாகியிருந்தது. ஆள் குறைவாக இருந்த ஓர் உலகத்தை முதலில் மூடுவதாகத் திட்டம். அறிவிப்பை நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே செய்தி எப்படியோ வெளியே கசிந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தால், விளையாட்டைப் போனில் பதிவிறக்கும் பக்கத்தில் எங்கள் மதிப்பெண் சரிந்துகொண்டிருந்தது. கருத்துக்கு மேல் கருத்து. எல்லாவற்றிலும் ஒரே வாக்கியம்: "இன்னொரு வாட்டி எங்களைக் கெளப்பாதீங்க."

விளம்பரப் பிரிவைப் பார்த்துக்கொண்ட தினேஷ் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு தலைவர் அறைக்கு ஓடினார். நானும் பின்னாலேயே போனேன்.

"பாருங்க சார், எல்லாம் ஒரே வரி. யாரோ ஆள் வச்சுப் போடுறாங்க. எல்லாம் போலிக் கணக்கு. கருத்துப் பிரிவுலேர்ந்து ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா போதும், அந்தப் பக்கத்தை நடத்துறவங்க ஒட்டுமொத்தமா நீக்கிடுவாங்க. வெளியீட்டு நேரத்துல இப்படி ரேட்டிங் விழுந்தா அவ்வளவுதான்."

தலைவர் பேர் வேண்டாம். அவருக்கு அது பிடிக்காது. பதில் சொல்வதற்கு முன்னால் மேசையில் இருக்கும் தண்ணீரை ஒரு வாய் குடிப்பார். அந்த ஒரு வாய்த் தண்ணீருக்குள் எத்தனையோ அவசரங்கள் அடங்கிப்போனதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கும் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"போலியா, நிஜமாம்மா? சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்க."

பாருங்கள், நெருக்கடியில் கேள்வி இப்படித்தான் வரும். இரண்டு கதவை மட்டும் காட்டும். போலி என்றால் எல்லோருக்கும் நிம்மதி. நிஜம் என்றால் தலைவலி. இரண்டில் ஒன்றைச் சட்டென்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிடத்தான் யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. என் இடத்துக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, அந்தக் கருத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தேன்.

வாக்கியம் ஒன்றுதான். எழுத்து ஒன்றில்லை. ஒருவர் 'கெளப்பாதீங்க' என்று எழுதியிருந்தார், ஒருவர் 'கெலப்பாதிங்க', ஒருவர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டியிருந்தார். நகலெடுத்து ஒட்டியது இல்லை, ஒவ்வொருவரும் தாங்களே விரலால் தட்டியது. சிலர் அதோடு நிறுத்தாமல் கூட ஒரு வரி சேர்த்திருந்தார்கள். "முட்டை இந்த வாரம் பொரிக்கப் போவுது." "எங்க சந்து முனைல இப்பதான் டீக்கடை கட்டினோம்." போலிக் கணக்கு எதற்கு டீக்கடையைப் பற்றி எழுத வேண்டும்?

அதைவிட என்னை உறுத்தியது 'இன்னொரு வாட்டி' என்ற சொல். நாங்கள் அதற்கு முன் எந்த உலகத்தையும் மூடியதில்லை. அப்படியானால் முதல் வாட்டி எது?

தெரியாத ஒன்றைத் திரையில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த உலகத்துக்குள்ளேயே போனேன். அலுவலகக் கணக்கில் போனால் தலைக்கு மேல் கம்பெனி அடையாளம் மின்னும். அது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒளிந்து போய்ப் பார்க்க நான் உளவாளி இல்லை.

ஆற்றங்கரையில் இறங்கி நின்றதும் காதில் ஒரு பெண் குரல்.

"இன்னாக்கா, ஆபீஸ்லேர்ந்தா? வாங்க, வாங்க. அங்க நிக்காதீங்க, தண்ணில முதலை கீது."

அவள்தான் செல்வி. தி.நகரில் பிளவுஸ் தைக்கும் கடை ஒன்றில் வேலை. செவ்வாய்க்கிழமை அவளுக்கு விடுமுறை. திட்டப்போகிறாள் என்று நான் தயாராக நின்றேன். அவள் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் போல என்னை முன்னால் விட்டுக் கூட்டிப்போனாள்.

ஆற்றின் வளைவில் ஒரு தெரு இருந்தது. நம் விளையாட்டில் ஆட்கள் கோட்டை கட்டுவார்கள், கோபுரம் கட்டுவார்கள். இவர்கள் சந்து கட்டியிருந்தார்கள். சுவரோடு சுவர் ஒட்டிய சின்னச் சின்ன மர வீடுகள். தெருவின் நடுவே குழாயடி. தண்ணீர் வராது என்று தெரிந்தும் மரத்தில் ஒரு குழாயடி. முனையில் டீக்கடை. அதன் பக்கத்தில் மூன்று கொம்பு டைனோசர் ஒன்றைக் கட்டிப்போட்டிருந்தார்கள். கழுத்தில் மாலை.

"கோட்டூர்புரம் பக்கத்துல ஆத்தோரமா இருந்தோம்க்கா. அங்கேர்ந்து கெளப்பிட்டாங்க. அப்பால கவருமெண்டுல வூடு குடுத்தாங்க, ஊருக்கு வெளிய. பாதிப் பேரு ஒரு பக்கம், பாதிப் பேரு இன்னொரு பக்கம். சொம்மா சொல்லக் கூடாது, வூடு நல்லாத்தான் கீது. மழை வந்தா வூட்டுக்குள்ள தண்ணி வராது, லிஃப்ட் கீது. ஆனா கதவைத் தொறந்தா எதுத்த வூட்ல யாருன்னு தெரில. எங்க தங்கச்சி புருசன்தான் இந்த கேமை போன்ல போட்டுக் குடுத்தான். ஒருத்தர் வந்தோம், ரெண்டு பேரு வந்தாங்க, அப்பால எல்லாரும் வந்துட்டோம். யாரு வூட்டுக்குப் பக்கத்துல யாரு வூடு இருந்துதோ, அதே மாதிரி கட்டிகினோம்."

அவள் அண்ணாந்து வானத்தைப் பார்த்தாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உள்ள குந்துங்க. மயிலாப்பூர்காரங்க வந்துகினு கீறாங்க. மாமாக்கு மத்தியானம் கிளாஸ் இல்ல."

தலைக்கு மேலே பெரிய பறவைகள் அணிவகுத்து வந்தன. முன்னால் வந்த பறவையிலிருந்து ஒரு வயதான ஆண் குரல், கச்சேரி மேடையில் அறிவிப்பதுபோல நிதானமாக:

"செல்விம்மா! இன்னிக்கு மேற்குப் பக்கமா வரோம். யாராவது புதுசா சேர்ந்தவா இருந்தா உள்ள அனுப்பிடுங்கோ. முட்டை வெச்சிருக்கற எடத்தைத் தொட மாட்டோம்."

"வாங்க மாமா, வாங்க! ரெடியா கீறோம்!"

நான் ஒரு மர வீட்டுக்குள் உட்கார்ந்து ஜன்னல் வழியே பார்த்தேன். என்ன ஒரு சண்டை! தெருவில் இருந்த பெண்கள் கூரை மேல் ஏறி அம்பு விட்டார்கள். பறவைகள் திரும்பத் திரும்ப வந்தன. மேற்குச் சுவர் இடிந்தது. டீக்கடை போயிற்று. கடைசியில் மாமாவின் பறவையே அடிபட்டு ஆற்றில் விழுந்தது. "பேஷ், பேஷ்!" என்று தண்ணீரில் நீந்தியபடியே அவர் பாராட்டினார். பின்னால் தெரிந்துகொண்டேன், அவர் மயிலாப்பூரில் மிருதங்கம் சொல்லிக்கொடுக்கும் வைத்தியநாதன். அவர் மாணவர்களும் அவர்களின் நண்பர்களும் சேர்ந்த கூட்டம் அது. வருடக்கணக்காக இரண்டு கூட்டமும் இப்படி அடித்துக்கொண்டிருந்தன. பரீட்சை சமயத்தில் சண்டை கிடையாது. வீட்டில் யாராவது தவறிப்போனால் சண்டை கிடையாது. இந்த விதிகளை நாங்கள் யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. எங்கள் விளையாட்டை எங்களைவிட நன்றாக அவர்கள் செய்துவைத்திருந்தார்கள்.

சாயங்காலம் தலைவர் அறைக்குப் போனேன்.

"போலி இல்லை சார். எழுதித் தர மாட்டேன்."

"சரி மேடம், நிஜம்னே வச்சுக்குவோம்" என்றார் தினேஷ். அவர் கெட்டவர் இல்லை, பயந்திருந்தார். "அப்போ என்ன பண்றது? பழைய உலகத்தைப் புதுசுல ஓட்டவே முடியாதுன்னு இன்ஜினியர்ங்க சொல்றாங்களே."

செல்வி சொன்னதையெல்லாம் அங்கே உருக்கமாகச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் நான் சொன்னால் அது என் பேச்சாகிவிடும். தலைவர் இரக்கப்படுவார், இரக்கத்தில் ஏதாவது கொடுப்பார், கதை முடிந்துவிடும். "நீங்களே ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்க சார். அப்புறம் அங்க இருக்கிற செல்வியையும், அவங்களோட சண்டை போடுற மயிலாப்பூர் மாமாவையும் இங்கே கூப்பிடலாம்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் போனார். நிறைய நேரம் உள்ளே இருந்திருக்கிறார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு, "என்னை டீக்கடைக்கு மரம் வெட்ட வச்சுட்டாங்கம்மா" என்றார்.

அடுத்த செவ்வாய் இருவரும் அலுவலகம் வந்தார்கள். செல்வி பேருந்தில் வந்து வரவேற்பறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மாமா வேட்டியை மடித்துக் கட்டியபடி, ஸ்கூட்டர் சாவியும் கையுமாக உள்ளே நுழைந்து, "ஆதிக்கரைக் கூட்டம் இங்கதானே?" என்று கேட்டார். குரலைக் கேட்டதும் செல்வி எழுந்துவிட்டாள்.

"மாமா?"

"செல்விம்மாவா! அடடா, நீ இத்துனூண்டு பொண்ணா? என் பறவையை எல்லாம் அடிச்சுத் தள்ளினது நீதானா?"

"நீங்க இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சிகினு இருந்தேன் மாமா" என்று அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூட்டத்தில் தலைவர் எங்களால் முடிந்ததை எல்லாம் முன்னால் வைத்தார். புதிய உலகத்தில் அவர்களுக்குக் கட்டணம் இல்லாமல் பெரிய கல் வீடுகள், யாரிடமும் இல்லாத விலங்குகள், ஆயுதங்கள். தினேஷ் படம் போட்டுக் காட்டினார். உண்மையாகவே அழகாக இருந்தது. செல்வி எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது சார். எங்களுக்கு மொதல்லயும் நல்லதாத்தான் குடுத்தாங்க." சொல்லிவிட்டுத் திரையிலிருந்த கல் வீட்டைக் காட்டினாள். "வூடு மரமா கல்லான்னு நாங்க கேக்கல. மரத்தை வெட்டினா வூடு வந்துரும். பக்கத்துல பக்கத்துல இருக்கணும் சார். அதான்."

தலைவர் மாமா பக்கம் திரும்பினார். "உங்களுக்கு என்ன வேணும் சார்?"

"எனக்கு இவா எதிர்க்கரையில இருக்கணும்" என்றார் அவர் உடனே. "நீங்க என்னைத் தங்கக் கோட்டையில கொண்டுபோய் வெச்சாலும், இவா இல்லேன்னா அங்க நான் யாரோட சண்டை போட்டுண்டு இருப்பேன்? எங்காத்துல உக்காந்து டிவிதான் பார்க்கணும். இவா மாதிரி ஆடறவா கெடைக்க மாட்டா சார்."

செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அந்தப் பாராட்டை அவள் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன்.

தலைவர் தண்ணீரைக் குடித்தார். இன்ஜினியர்களைக் கூப்பிட்டு, எது முடியாது என்பதை விட்டுவிட்டு எது முடியும் என்று கேட்டார். வீடுகளைக் கொண்டுபோக முடியாது. ஆட்களையும் விலங்குகளையும் கொண்டுபோகலாம். புதிய உலகத்தில் அதே மாதிரி ஓர் ஆற்று வளைவை அமைத்துத் தரலாம். யார் பக்கத்தில் யார் என்று அவர்களே சொன்னால், அந்த வரிசையிலேயே இடம் ஒதுக்கலாம். எதிர்க்கரை மயிலாப்பூர்காரர்களுக்கு.

அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் யாரும் எதிர்பாராதது. "பழைய உலகத்தை மூடுற நாளை நாங்க குறிக்க மாட்டோம். நீங்க அங்க கட்டி முடிச்சிட்டு, நீங்களா சொல்லுங்க. அதுவரைக்கும் ரெண்டும் ஓடும்."

இருவரும் போன பிறகு தினேஷ் கேட்டார்: "அவங்க சொல்லவே இல்லைன்னா சார்?"

"சொல்லுவாங்க."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்றீங்க?"

"சண்டைக்கு வரும்போதுகூட எந்தப் பக்கம் வரோம்னு சொல்லிட்டு வர்ற ஜனங்க தினேஷ் அவங்க. நான் பார்த்தேன்."

இரண்டு உலகத்தையும் சேர்த்து ஓட்டுவது எளிதில்லை. மேலிடத்துக்கு அவர் எத்தனை முறை விளக்கம் சொன்னார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். அவர் அதைப் பற்றி எங்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கருத்தோடு அவர்கள் போட்ட, கீழே திருப்பிய கட்டைவிரல் குறிகளை மேலே திருப்பச் சொல்லி அவர்களைக் கேட்கலாமா என்று தினேஷ் ஒருநாள் ஆரம்பித்தார். "அது அவங்க கருத்து" என்று தலைவர் முடித்துவிட்டார்.

அப்புறம் அந்தக் கூட்டத்திடமிருந்து கருத்து எதுவுமே வரவில்லை. இது எனக்குப் பெரிய கவலையாகிவிட்டது. உங்களுக்கும் சொல்கிறேன், திட்டு வந்தால் பயப்படாதீர்கள், திட்டு நின்றுபோனால் எழுந்து போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்தேன். புதிய ஆற்று வளைவில் ஒருவருக்கும் எழுத நேரமில்லை. எல்லோரும் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். வானத்தில் மயிலாப்பூர்ப் பறவைகள் எதிர்க்கரையிலிருந்து மரக்கட்டைகளைக் கவ்விக்கொண்டு வந்து இந்தக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பின. "தெருவைக் கட்டி முடிக்கற வரைக்கும் சமாதானம்மா" என்றார் மாமா என்னிடம். "அரைகுறையா இருக்கறப்போ இடிச்சா அதுல என்ன பெருமை?"

மழைக்காலம் தொடங்கியிருந்த ஒரு நாள் காலை, செல்வியிடமிருந்து தகவல் வந்தது. தயார் என்றாள். அன்று மதியம் தலைவரும் தினேஷும் நானும் ஒரே திரையின் முன் உட்கார்ந்தோம். பழைய தெருவில் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள். கூரைகளைப் பிரிக்கவில்லை, பெருக்கிவைத்த வீடுபோல எல்லாம் ஒழுங்காக இருந்தது. மாமாவின் ஆட்கள் தெருக்கோடியில் பறவைகளிலிருந்து இறங்கி நின்றார்கள்.

தலைவர் மைக்கை எடுத்தார். "செல்வி, மூடலாமாம்மா?"

யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"கேட்டீங்களே சார்" என்றாள் செல்வி. "அது போதும். மூடுங்க."

திரை கறுத்தது. தினேஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அவசரமாகப் புதிய உலகத்தைத் திறந்தேன். ஆற்று வளைவில் அவர்கள் ஒவ்வொருவராக வந்து இறங்கினார்கள். புது மரத்தின் நிறத்தில் தெரு பளிச்சென்று இருந்தது. பிறகு அடுத்த வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குரல் கேட்டது.

"செல்வி, உங்கிட்ட வெறகு இருந்தா கொஞ்சம் குடேன். நெருப்பு மூட்டணும்."

"கதவு தொறந்துதான் கீது, வந்து எடுத்துக்கோக்கா" என்றாள் செல்வி.